கல்யாணம் முடியட்டும்

நவம்பர் 4, திங்கள்

காலையில் புறநோயாளிப் பிரிவுக்குள் நுழைவதற்குள் நிர்வாக அலுவலகத்திலிருந்து ரேஷ்மா வந்து நின்றாள். மருத்துவமனை வெப்சைட்டைப் புதுப்பிக்கிறார்களாம். ஒவ்வொரு டாக்டரும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"எங்க பிறந்தீங்க, எங்க படிச்சீங்க, ஏன் இந்த ஃபீல்டுக்கு வந்தீங்கன்னு எழுதுங்க மேடம். கொஞ்சம் மனசைத் தொடுற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்."

மதியம் சாப்பிடும்போது எழுதிப் பார்த்தேன். டாக்டர் சங்கரவடிவு. ரத்தநோய், ரத்தப் புற்றுநோய் நிபுணர். பிறந்த ஊர் கோவில்பட்டி. எம்.பி.பி.எஸ்., எம்.டி. இரண்டும் திருநெல்வேலியில். மேற்படிப்பு வடக்கே. ஏன் இந்தத் துறை? கலந்தாய்வில் என் முறை வந்தபோது இதயப் பிரிவில் இடம் தீர்ந்திருந்தது, ரத்தப் பிரிவு காலியாக இருந்தது. இதைப் போட்டால் ரேஷ்மா அழுதுவிடுவாள்.

டெங்கு சீசன். வருகிறவர்கள் எல்லோரும் ப்ளேட்லெட் எண்ணிக்கையைப் பரீட்சை மார்க் மாதிரி சொல்லிக்கொண்டு வருகிறார்கள். லிஃப்ட் ரிப்பேர். இரண்டாம் மாடி வார்டுக்கு நின்று நின்று ஏறினேன். எடை கூடியிருக்கும். மகள் பூரணி கல்யாணத்துக்குள் குறைக்க வேண்டும். டிசம்பர் எட்டு.

நவம்பர் 6, புதன்

இசக்கியம்மாள். நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு ஊர், ஆடு வளர்க்கிறாள். கழுத்தில் நெறி கட்டி இரண்டு மாதமாகிறது. திசுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது: நிணநீர்ப் புற்று, வேகமான வகை. மருந்து ஏற்றினால் கேட்கும். தள்ளிப்போட்டால் கேட்காது.

வழக்கம்போல் நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு கொழுந்தன்காரர் முதலில் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"மதினிட்ட சொல்லிராதிய டாக்டரம்மா. ரத்தத்துல கிருமின்னு சொல்லுங்க. மவளுக்கு இருபதாந் தேதி கல்யாணம். அது முடியட்டும். முடிஞ்ச மறுநா நானே கொண்டாந்து விட்டுருதேன்."

இந்த ஜில்லாவில் யாருக்கு எந்த வியாதி வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு கல்யாணம் நிற்கிறது. கல்யாணம் இல்லாவிட்டால் கோயில் கொடை, கொடை இல்லாவிட்டால் புது வீட்டுப் பால் காய்ப்பு. நான் மணியடித்து இசக்கியம்மாளை உள்ளே வரச் சொன்னேன். என் ஜூனியர் செல்வின் ஸ்டூலை இழுத்துப் போட்டான். நாசரேத்துக்காரன், நல்ல பையன். ஆனால் இந்த இடத்தில் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவான்.

என்ன நோய் என்று அவளிடமே சொன்னேன். சொல்வதில் எனக்குக் கஷ்டம் எதுவும் இல்லை. யாருடைய உடம்போ அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை.

அவள் அழவில்லை. "மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா வேண்டாம்னுருவாங்கம்மா. ரத்தத்துல உள்ளது மவளுக்கும் வரும்னு பேசுவாங்க" என்றாள்.

"வராது. இது பரம்பரையா வர்றதில்ல."

"நீங்க சொல்லுதிய. ஊரு சொல்லுமா?"

"கல்யாணப் போட்டோவுல நீங்க நிக்கணுமா, இல்ல மாலை போட்டு உங்க போட்டோவை வைக்கணுமா?"

கொழுந்தன்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. அவள் மடியில் இருந்த பையைக் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நாந்தாம்மா நிக்கணும்" என்றாள்.

இந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்று தெரியாது. கேட்டால் வேலை நடக்கிறது, அதனால் கேட்கிறேன். முன்பெல்லாம் கேட்ட அன்று இரவு தூங்க மாட்டேன். இப்போது ஒன்றும் இல்லை.

மருந்து ஏற்றிய பிறகு எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும். கோயில் தீர்த்தம், வெட்டி வைத்த பழம் கூடாது. "காலையில எந்திரிச்சதும் ரெண்டு காலையும் பாருங்க. கடுகு மாதிரி சிவப்புப் புள்ளி இருந்தா பெருவிரலை வச்சு அழுத்துங்க. மறைஞ்சா கொசுக்கடி. மறையலைன்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு இங்க வாங்க." அவள் பெருவிரலை மேஜை விளிம்பில் வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

நவம்பர் 7, வியாழன்

டூத் பிரஷ் மாற்ற வேண்டும். இது முரடாக இருக்கிறது, ஈறு உரசி நுரை சிவக்கிறது.

நவம்பர் 9, சனி

இசக்கியம்மாளுக்கு முதல் மருந்து ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டாளாம். கொழுந்தனைக்கூடக் கூட்டிப் போகவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"உக்கார வச்சு மோரு குடுத்தாங்கம்மா. பொறவு, பந்தல்ல கூட்டத்துக்குள்ள உக்காராத, தனியா ஒரு சேரு போடச் சொல்லுதேன்னாங்க."

மாலையில் அவரோடு வடக்கு ரத வீதிக்குப் போனேன். அவர் என்று எழுதுவது நெல்லையப்பனை, என் கணவரை. கல்லூரியில் கணக்கு வாத்தியார். பூரணிக்கு வளையல் எடுத்தோம். கடைக்காரப் பெண் எனக்கும் அளவு பார்க்கிறேன் என்று இரண்டை மாட்டி இழுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மணிக்கட்டைச் சுற்றி நீலம்.

"இதென்ன வடிவு?" என்றார்.

"வளையல் இறுக்கம்."

"முழங்கைக்கு மேலயும் இருக்கு."

"ஹேண்ட்பேக் வார்."

அவர் கணக்கு வாத்தியார். விடை தப்பு என்றால் முகத்தில் தெரிந்துவிடும். போய் டிவியைப் போட்டார்.

நவம்பர் 11, திங்கள்

எங்கள் வேலை முறை பற்றி ஒரு பத்தி எழுதினால் ரேஷ்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். எழுதியது இதுதான்.

கருவி தரும் எண்ணிக்கையோடு நாங்கள் நிறுத்துவதில்லை. சந்தேகமான ரத்தத்தை ஒரு சொட்டு கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, காலையில் முதல் வேலையாக நுண்ணோக்கியில் நானே பார்க்கிறேன். தட்டில் வரும் ஸ்லைடுகளில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர், வயது, ஊர் எதுவும் கிடையாது. அது நான் போட்ட சட்டம். பெயர் தெரிந்தால் கண் இரக்கப்பட்டுவிடும். முதலில் நான் பார்த்து, பிறகு செல்வின் பார்த்து, இருவரும் தனித்தனியாகச் சொல்லிய பிறகுதான் பெயரைத் தேடுவோம்.

தீப்பெட்டி செல் பற்றியும் எழுதலாமா என்று யோசித்தேன். ஒரு வகை ரத்தப் புற்றில் அணுக்களுக்குள் மெல்லிய குச்சிகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். நான் ஜூனியர்களுக்குத் தீப்பெட்டி செல் என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். கோவில்பட்டியில் அம்மா கம்பெனியிலிருந்து குச்சி வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து பெட்டியில் அடைப்பாள். அப்படித்தான் இருக்கும் அதுவும். அந்த வகையை அன்றைக்கே பிடித்து மாத்திரை ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். விட்டுவிட்டால் மூளையில் ரத்தம் கசிந்து முடிந்துபோகும். எங்கள் தொழிலில் அதுதான் ஆக நல்ல செய்தி, ஆகப் பெரிய அவசரமும் அதுதான்.

இதை வெப்சைட்டில் போட்டால் எவன் வருவான். அடித்துவிட்டேன்.

நவம்பர் 13, புதன்

சம்பந்தியம்மா தென்காசியிலிருந்து போன் செய்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜமுக்காளத்தில் தொடங்கி ஜாங்கிரி வரைக்கும் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில் கேட்டார்.

"தப்பா நெனைக்காதிய. எங்க அண்ணன் கேக்கச் சொன்னாங்க. உங்க வீட்டுல யாருக்கும் சுகர், கேன்சர் அந்த மாதிரி ஒண்ணும் கிடையாதுல்லா? சும்மாதான்."

"ஒண்ணும் கிடையாது" என்றேன். கேன்சர் டாக்டரின் வீட்டில் கேட்கிற கேள்விதான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மாதவிலக்கு பன்னிரண்டு நாளாக நிற்கவில்லை. வயது அப்படி.

நவம்பர் 15, வெள்ளி

அவர் பேரீச்சம்பழம் வாங்கி வந்து என் பைக்குள் வைத்திருக்கிறார். முருங்கைக்கீரை மூன்றாவது நாளாக. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. ரத்த டாக்டருக்கே ரத்தம் ஊற வைக்கிறாராம். "எனக்குப் பத்தியம் போடாதீங்க" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு மூச்சு வாங்கியது. கீரையைச் சாப்பிட்டேன்.

வார்டில் தென்திருப்பேரைப் பெரியவர் இறந்துபோனார். மருந்து கேட்காமல்தான் ஒரு மாதமாக இருந்தார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் நின்றேன். இந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது. என்ன சொல்வது என்பதும் தெரியும். வாய் வரவில்லை. செல்வின்தான் சொன்னான்.

நவம்பர் 17, ஞாயிறு

அழைப்பிதழ் கொடுக்கப் போனோம். பாளையங்கோட்டையில் அவருடைய அக்கா, அத்தான் வீடு. தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. இருவரும் சேர்ந்து நீட்டினோம். அக்கா வாங்கக் கை நீட்டியபோது பத்திரிகை மேல் ஒரு சொட்டு விழுந்தது. மூக்கிலிருந்து.

"ஐயய்யோ, சூடு" என்றார் அக்கா. "வெந்தயம் ஊற வச்சுக் குடிங்க மதினி. கல்யாண அலைச்சல்லா."

என் கணவர் பெருவிரலை அந்தச் சொட்டின் மேல் வைத்து மூடினார். பத்திரிகையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, துணிப்பையிலிருந்து வேறொன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். எல்லாம் ஒரே வீச்சில் செய்துவிட்டார். யாருக்கும் உறுத்தவில்லை. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். நிற்பதற்கு நேரம் எடுத்தது. கார் ஏசி காற்று வறட்சி.

இன்னும் நான்கு வீடுகள் பாக்கி இருந்தன. அவர் வண்டியை நேராக வீட்டுக்கு விட்டார்.

நவம்பர் 20, புதன்

விடாமல் மழை. இன்று இசக்கியம்மாள் வீட்டுக் கல்யாணம். பந்தல் ஒழுகாமல் இருக்க வேண்டும்.

குளிக்கும்போது பார்த்தேன், கணுக்காலுக்குக் கீழே கொசு கடித்திருக்கிறது. இரண்டு காலிலும். அழுத்திப் பார்க்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. நாளையிலிருந்து சாக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும், வார்டில் ஏசி குளிர்.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் காபி கொடுக்கும்போது அவர் கேட்டார். பார்வை என் மேல் இல்லை, டபராவில் இருந்தது.

"ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கிடேன், வடிவு."

"எதுக்கு?"

"சும்மா. ஊரெல்லாம் டெங்குன்னு சொல்லுதாங்களே."

"கல்யாணம் முடியட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். எனக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு கேட்பது போல் தூரத்தில் என்னவோ கேட்டது. என்னவென்று யோசிக்கவில்லை. பூரணி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். கல்யாணத்துக்கு என் ப்ளவுஸ் தைத்தாகிவிட்டதாம். முழுக்கை வைக்கச் சொல்லியிருந்தேன், எதற்கு என்று கேட்டாள். இப்போது அதுதான் ஃபேஷன் என்றேன்.

ரேஷ்மா ஞாபகப்படுத்தினாள். ஒரு பக்கம்தானே மேடம் என்கிறாள். ஒரு பக்கம்தான்.

நவம்பர் 25, திங்கள்

மழைத் தண்ணீர் வாசல் வரைக்கும் நின்றது. காரிலிருந்து இறங்கும்போது செருப்பு, சாக்ஸ் எல்லாம் நனைந்துவிட்டன. சாக்ஸைக் கழற்றி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நோயாளிகளைப் பார்த்தேன். சிஸ்டர் காயவைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர் வரவே இல்லை.

பதினொரு மணிக்கு இசக்கியம்மாள். அடுத்த மருந்துக்கு முன்னால் ரத்தம் பார்க்க வந்தாள். முடி கொத்துக் கொத்தாக வருகிறதாம், தலையில் துண்டு கட்டியிருந்தாள். கழுத்து நெறி பாதியாக வற்றியிருந்தது. தூக்குச் சட்டி நிறைய அதிரசம். செல்போனில் கல்யாணப் போட்டோ காட்டினாள். மணமக்களுக்கு வலது பக்கம் முகக்கவசத்தோடு நிற்கிறாள், கண் மட்டும் தெரிகிறது.

"நின்னுட்டேன் பாத்தியளாம்மா" என்றாள்.

நல்லது என்றேன்.

எழுந்தவள், நான் தடுப்பதற்குள் மேஜையைச் சுற்றி வந்து காலில் விழுந்தாள். இது இங்கே தினமும் நடப்பதுதான். விழுவார்கள், நான் "எந்திரிங்க, எந்திரிங்க" என்பேன், எழுந்துவிடுவார்கள். சொன்னேன். இவள் எழுந்திருக்கவில்லை.

என் பாதத்தின் மேல் ஒரு விரல் அழுந்தியது. எடுத்தாள். கொஞ்சம் தள்ளி மறுபடி அழுத்தினாள். இன்னொரு காலிலும்.

"டாக்டரம்மா" என்றாள் கீழேயிருந்து. "மறைய மாட்டேங்கே."

"கொசுக்கடி."

"கொசுக்கடின்னா மறையும்லாம்மா. நீங்கதான சொன்னிய."

காலை நாற்காலிக்கு உள்ளே இழுத்துக்கொண்டேன். அடுத்த நோயாளியை வரச் சொல்லுங்கள் என்றேன். அவள் தரையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "உங்களுக்கும் வீட்டுல கல்யாணமாம்மா?" என்று கேட்டாள்.

அதிரசத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாலை லேபில் எல்லோரும் கிளம்பிய பிறகு விரலில் குத்தி ஒரு ஸ்லைடு போட்டேன். குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை, பஞ்சு வைத்து நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தேன். சாயம் ஏற்றினேன். காய வைத்தேன். நாளைய தட்டில் கடைசியாக ஓர் எண் ஒட்டி வைத்தேன்.

நுண்ணோக்கி பக்கத்திலேயே இருந்தது. பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் பார்க்காமல் விட்ட ஸ்லைடு இது ஒன்றுதான்.

நவம்பர் 26, செவ்வாய்

காலை தட்டில் இருந்ததை எல்லாம் பார்த்தேன். டெங்கு, டெங்கு, ரத்தசோகை, டெங்கு. கடைசி ஒன்றைத் தொடவில்லை.

"செல்வின், அதை நீயே பாரு. உன் முடிவுதான்" என்றேன். அவனுக்குச் சந்தோஷம். இதுவரை அப்படிச் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் என் மேஜையில் உட்கார்ந்து ரேஷ்மாவுக்கு எழுதுவது போல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திருகைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மேடம்! தீப்பெட்டி செல்! கட்டுக் கட்டா குச்சி! ப்ளேட்லெட்டைக் காணவே காணோம்!" எழுந்துவிட்டான். "இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். இப்பவே. யாரு பேஷன்ட் இது? வார்டா, வெளியவா?"

"வெளிய."

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா? போன் நம்பர் இருக்கா?"

"அவங்க வர மாட்டேங்கறாங்க. மகளுக்குக் கல்யாணமாம். முடியட்டும்ங்கறாங்க."

"எப்ப கல்யாணம்?"

"எட்டாந் தேதி."

"எட்டாந் தேதியா? மேடம், அதுவரைக்கும் தாங்காது. தலையில கசிஞ்சா முடிஞ்சுது. இதுல மட்டுந்தான் குணமாக்கி அனுப்புறோம்னு நெஞ்சைத் தட்டிச் சொல்லலாம், நீங்கதானே சொல்லுவீங்க. இதைப் போய் விட முடியுமா? மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்துக்கிட்டு இருப்பாங்க, அதான். வரச் சொல்லுங்க மேடம். நான் பேசுறேன்."

"நீ பேசுவியா? ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிப்ப."

"இல்ல மேடம். இவங்ககிட்ட பேசுறேன்."

"சரி, பேசு" என்றேன்.

எழுந்து போய் நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அது இவ்வளவு தாழ்வு என்று எனக்குத் தெரியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லோரும் உயரமாகத்தான் தெரிவார்கள். குனிந்து சாக்ஸைக் கழற்றினேன். கோட்டின் முழுக்கையை முழங்கை வரை சுருட்டினேன்.

அவன் முதலில் காலைப் பார்த்தான், பிறகு கையை. பிறகு வெகு நேரம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தான். ஜன்னலையும் பார்க்கவில்லை, அதற்காக அவனை மெச்ச வேண்டும். போய் என் நாற்காலியில் உட்கார்ந்தான். என்னையே அல்லவா எதிரில் வைத்துப் பேச வேண்டும். மேஜையில் கிடந்த என் பேனாவை எடுத்து மூடி போட்டான்.

"சொல்லு" என்றேன். "எப்படிச் சொல்லணும்னு தெரியும்ல. நேராச் சொல்லு. கண்ணு கலங்கக் கூடாது, பேஷன்ட் பயந்துருவாங்க."

"மேடம்."

"பேஷன்ட்டை மேடம்னா கூப்பிடுவே?"

"அம்மா" என்றான். "அம்மா, உங்களுக்கு வந்திருக்கறது ரத்தப் புற்று. குணமாக்கலாம். இன்னைக்கே சேரணும்." நிறுத்தினான். அடுத்தது என்ன என்று இருவருக்கும் தெரியும். "கல்யாணப் போட்டோவுல..." என்று தொடங்கினான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மேஜையில் கையை வைத்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

எனக்குள் அடைத்துக் கிடந்தது எதுவோ அப்போதுதான் விட்டது. ஒரு மாதமாக இல்லாத பயம், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கால் இரண்டிலும் ஏறியது. பூரணி மணையில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் மாலை போட்ட படம், அதில் என் முகம். இத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்விக்கு உள்ளே இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

"நான்தான் நிக்கணும்" என்றேன். "நான்தான் நிக்கணும், செல்வின். மாத்திரை எடு."

நவம்பர் 27, புதன்

இரண்டாம் மாடி, கடைசி அறை. மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. ப்ளேட்லெட் பை தொங்குகிறது. தலைவலி. உதடு காய்கிறது. எல்லோரும் சொல்வார்கள், குறிப்பேட்டில் எழுதுவேன். உதடு காய்வது என்றால் இதுதானா.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். சொட்டு காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"அன்னைக்கே தெரியும்" என்றார்.

"பின்ன ஏன் சொல்லல?"

"நீதான டாக்டர்னு இருந்துட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேரீச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் அழுதார். நானும்.

நவம்பர் 28, வியாழன்

பூரணி வந்துவிட்டாள். கத்தினாள், நியாயம்தான். முழுக்கை ப்ளவுஸ் பற்றித்தான் அதிகம் கத்தினாள்.

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். கணவர், தானே பேசுகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். தேதியைத் தள்ளிவைத்தால் மணையில் நான் இருப்பேன், அதே நாளில்தான் என்றால் இருக்க மாட்டேன், இரண்டுக்கும் எனக்குச் சம்மதம் என்றேன். அன்றைக்குக் கேட்டீர்களே, அன்று எனக்கே தெரியாது என்றும் சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

"இது பிள்ளைகளுக்கு வருமா?" என்று கேட்டார்.

"வராது." இந்தப் பதிலை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். இன்று குரல் உடைந்தது.

"வீட்டுல கலந்துட்டுச் சொல்லுதோம்" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 30, சனி

தென்காசியிலிருந்து இன்னும் போன் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் பூரணிக்கு மெசேஜ் அனுப்புகிறாராம். என்னவென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாணத்துக்காகவும், இந்தத் தலைவலிக்காகவும், செல்வின் எதையாவது மறந்துவிடுவானோ என்றும். காலையில் விழித்ததிலிருந்து இரவு வரை பயம்தான். முன்பு ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

ரேஷ்மா பூங்கொத்தோடு வந்தாள். பூ வார்டுக்குள் வரக் கூடாது என்று சிஸ்டர் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். என் பக்கத்தைக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன், கோவில்பட்டியில் பிறந்தது, திருநெல்வேலியில் படித்தது, அது போதும், மீதியை நான் எழுந்து வந்து எழுதுகிறேன் என்று.

இசக்கியம்மாளுக்கு இன்று இரண்டாவது மருந்து. ஏற்றுவதற்கு முன்னால் என் அறைக்கு வந்தாள். தலை மொட்டை, முகக்கவசம், கையில் ஊசி செருகிய பிளாஸ்டர். வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கால்மாட்டில் போர்வையை விலக்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் என் இரண்டு காலையும் நன்றாகப் பார்த்தாள். பெருவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள்.

"பழசு மங்கிட்டு வருதும்மா" என்றாள். "புதுசா ஒண்ணும் இல்ல."

போர்வையை இழுத்து மூடிவிட்டுத் தன் மருந்துக்குப் போனாள்.